கொட்டகைத் தெருவின் ஓசிப்படம்

இந்த நாட்டில் வதிகின்ற ஒருவர் வெளியே போய், ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமல் தங்கித் திரும்பினால், அவருடைய தொடர்ச்சியான வதிவு முறிந்ததாகக் கொள்ளப்படாது. இந்திய, பாகிஸ்தானிய வதிவோரின் பிரஜாவுரிமை பற்றிய 1949ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது இதுதான். விண்ணப்பிப்பவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தொடர்ச்சி வேண்டும் என்பது அதே சட்டத்தின் இன்னொரு பக்கம். நியாயமான விதிதான். கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இதைவிட மோசமான விதிகளை நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் அம்மா இந்தியாவில் இருந்தது பதினான்கு மாதம். மேலதிகமான இரண்டு மாதத்தை ஜப்பானியரின் பெயரில் எழுதியிருக்க வேண்டும். படிவத்தில் அதற்கு இடம் விடப்படவில்லை.

பதுளையில் எங்கள் தியேட்டர் இருந்த தெருவுக்கு நகரசபைப் பதிவில் வேறொரு பெயர் இருந்தது. சனங்கள் அதைக் கொட்டகைத் தெரு என்றார்கள். கொட்டகையைக் கொண்டுவந்தவர் என் தாத்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கூடாரத்தோடும் படம் காட்டும் இயந்திரத்தோடும் வந்து, அப்புத்தளை, பண்டாரவளை என்று தேயிலைத் தோட்டங்களின் சம்பள ஞாயிறுகளைத் துரத்திக்கொண்டு மாட்டுவண்டியில் அலைந்தவர். அப்பா சின்ன வயதில் அந்த வண்டியில் வந்து இறங்கியவர். கடைசியில் பதுளைக் கடைவீதிக்குக் கீழே, தண்ணீர் தேங்கியதால் யாரும் வேண்டாம் என்று விட்டிருந்த சரிவில் கூடாரத்தை அடித்தார்கள். அது தகரக் கொட்டகையானது. பிறகு செங்கல் சுவரும், ஒரு சிறிய பெல்கனியும், வாசலில் இரண்டு தூண்களும் வந்தன.

எதிர்ப்பக்கத்துக்கு வந்தவர் கீழக்கரைக்காரர். தெருவே அவரை நானா என்றது. இடைவேளையில் எங்கள் கூட்டம் தாகத்தோடு வெளியே வருவதைப் பார்த்து முதலில் சோடாக் கடை போட்டார். கூட்டம் திரும்பவும் எங்கள் வாசலுக்குள்ளேயே போவதைப் பார்த்துச் சகிக்காமல், பக்கத்து வளவை வாங்கித் தானும் ஒரு தியேட்டர் கட்டினார். இரண்டு வாசல்களும் நேருக்கு நேர் அமைந்ததும் தெரு தானாக நிரம்பியது. சாப்பாட்டுக் கடை வந்தது. காப்புக் கடை வந்தது. தாஜ்மகால் வரைந்த திரை தொங்கும் போட்டோ ஸ்டூடியோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டத்தோடு திறந்து மூடும் புடவைக் கடையும் வந்தது. எந்தத் திட்டமிடல் குழுவும் கூடவில்லை. தோட்டத்து லொறிகள் வந்து சேரும்போது மெட்னி என்ற பகல்காட்சி தொடங்கும். எதிரே தேநீர் ஆற்றி முடியும்வரை இடைவேளை நீளும். மழைக்காலத்தில் பெண்கள் தலையில் போட்டு வந்த நனைந்த கம்பளிகளைத் தொங்கவிட, கலரி என்ற மலிவு வகுப்பின் சுவரோரம் கயிறு கட்டியிருந்தோம். எந்தப் புராணப் படமானாலும் எனக்கு அது ஈரக் கம்பளி வாசனையோடுதான் ஞாபகம் வருகிறது.

அப்பாவும் நானாவும் ஒருநாளும் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. தெருவுக்குக் குறுக்கே கத்துவதோடு சரி.

"என்ன அண்ணாச்சி, மழை படத்துல பெய்யுதா, ஒங்க கூரையிலேருந்து பெய்யுதா?" என்பார் நானா.

"ஒம்ம சோடாவுல காஸ் இருக்கா வே? இல்ல ஆத்துத் தண்ணிய அடைச்சு விக்கீரா?" என்பார் அப்பா.

நானா மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. இது பின்னால் முக்கியமாகிறது.

அப்பாவிடம் ஒரு தொழில் பழக்கம் இருந்தது. எதையும் அறிவிக்காமல் அவரால் இருக்க முடியாது. புதுத் திரை மாட்டினால் அறிவிப்பு. மின்சார இயந்திரம் பழுது பார்த்தால் அறிவிப்பு. வாடகைக் காரின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டி ஹாலிஎல வரைக்கும் அனுப்புவார். நான் பிறந்ததைக்கூட அடுத்த படத்தின் பெயரோடு சேர்த்து அறிவித்தார் என்று அம்மா சொல்வார்.

1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டபோது எனக்கு மூன்று வயது. பயந்துபோன அப்பா அம்மாவையும் என்னையும் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார். திரும்புவதற்குப் பயண அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி கிடைத்தபோது கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருட நடுவில், கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் ஒருவழியாக வந்து சேர்ந்தோம். அப்பா என்ன செய்தார்? ஒலிபெருக்கிக் காரை அனுப்பினார். "எங்கள் வீட்டு லட்சுமி இந்தியாவிலிருந்து திரும்பி வந்த மகிழ்ச்சியில், இந்த ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு இலவசம்!"

எங்கள் ஊவா மாகாணத்தின் பாதித் தோட்டங்களிலிருந்து பெண்கள் வந்தார்களாம். உள்ளே இடமில்லாமல் கதவுகளைத் திறந்துவைத்து, தெருவில் நின்றவர்களுக்கும் வசனம் கேட்க விட்டார்களாம். அன்று நானாவின் தியேட்டரில் ஈ, காக்கை இல்லை. அவர் நடுத்தெருவில் நின்று கத்திய கத்தலும் அந்த நாளின் ஞாபகத்தில் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு பல வருடங்களுக்குத் தெருவில் பெண்கள் காலத்தைச் சொல்லும் முறையே அதுவாகிவிட்டது. ஓசிப்படத்துக்கு முந்தி ஒரு பிள்ளை. ஓசிப்படத்துக்குப் பிந்தி ஒரு பிள்ளை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நான் பிறந்தது பதுளை ஆஸ்பத்திரியில். அப்பா பிறந்தது இந்தியாவில். ஆகவே எனக்கு நாடு இல்லை என்று பத்து வயதுக்குள் தெரிந்துகொண்டேன். விண்ணப்பித்துப் பெறலாம் என்று அடுத்த சட்டம் சொன்னது. 1951இல், முடிவுத் திகதி நெருங்கிய கூட்டத்தில் நின்று அப்பா விண்ணப்பம் போட்டார். மனைவி வெளியே இருந்த காலம் என்ற இடத்தில் 'பதினொரு மாதம்' என்று எழுதச் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தியா போய்வரக் கடவுச்சீட்டு கேட்கும் வழக்கம் இல்லை. போனதற்கும் வந்ததற்கும் எங்களிடம் எந்தக் கடதாசியும் இல்லை என்பது அப்பாவின் தைரியம். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் தெருவுக்குள் திரும்பி நடந்தபோதுதான், ஓசிப்படம் பார்த்த பெண்கள் இரண்டு பக்கமும் நிற்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

குண்டு எப்போது விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கதிர்காமக் கொடி எப்போது ஏறும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ண யாராலும் முடியும்.

அன்று தொடங்கிய பயம் வீட்டில் ஓர் ஆளைப்போலக் குடியிருந்தது. விண்ணப்பம் தள்ளப்பட்டால் தியேட்டர் அனுமதி போகும். அது அப்பாவின் பயம். அம்மாவை மட்டும் பிரித்துக் கப்பலேற்றிவிடுவார்கள் என்பது என்னுடைய பயம். சட்டப்படி அது அப்படி நடக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது, தெரிந்தவர்களும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் 'ஊர்' என்ற சொல்லே தடைசெய்யப்பட்டது. அம்மா வாய்தவறி "எங்க ஊர்ல" என்று தொடங்கினால் அப்பா சன்னலைச் சாத்துவார். பெண்களுக்கான டிக்கட் சன்னலில் உட்காருவதை அம்மா நிறுத்தினார். தெருவில் கால்சட்டையும் கோப்புமாக யார் தெரிந்தாலும் இயந்திர அறைக்குப் பின்னால் இருந்த பொட்டி அறைக்குள் போய்விடுவார். ரீல் பெட்டிகளுக்கு நடுவில், சத்தம் கேட்காதபடி வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு நிற்பார். வந்தவன் தண்ணீர்க் கட்டணம் கேட்க வந்தவனாக இருப்பான்.

அப்பாவின் அறிவிப்புகளும் நின்றுபோயின. ஒலிபெருக்கிக் கார் படத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனது. தெருவுக்கே அது விநோதமாக இருந்தது.

விசாரணை அதிகாரி வந்தபோது நான் எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அம்மாவின் சன்னலில் இப்போது நான் உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை முற்பகல். மழை. வெள்ளைக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கறுப்புக் குடையோடு, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வாசலில் ஏறினார். விண்ணப்பதாரருக்கு முன்கூட்டி அறிவித்துவிட்டு வருவதுதான் முறை. முறை எங்கள் தெருவரைக்கும் வரவில்லை. உள்ளே வளையல்கள் ஏறும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அவர் மரியாதையானவர். அதுதான் அதிகம் பயமாக இருந்தது. அப்பாவிடம் கேட்டவற்றையெல்லாம் அழகான எழுத்தில் எழுதினார். பதினொரு மாதம் என்று அப்பா சொன்னபோது இருமல் குறுக்கிட்டது. அதிகாரி தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

அந்த நேரத்தில் கலரியைக் கூட்டும் அக்கா, தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து நனைந்து வந்து, கம்பளியை உதறிக்கொண்டிருந்தார். அதிகாரி பொழுதுபோக்காகக் கேட்பதைப் போலக் கேட்டார்.

"நீங்கள் இஞ்ச எவ்வளவு காலமா வேலை செய்யிறியள்?"

"ஓசிப்படம் போட்டாங்கல்ல, அந்த வருசத்திலேருந்துங்க."

"என்ன ஓசிப்படம்?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது.

"பொம்பளைங்களுக்குச் சும்மா போட்டாங்க" என்றார் பிறகு. "ரொம்பக் கூட்டம்ங்க."

"ஏன் சும்மா போட்டவை?"

"அதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும். கூட்டுறது மட்டுந்தாங்க என் வேலை." விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கலரிப் படிகளில் ஏறிப் போய்விட்டார். ஏற்கெனவே கூட்டிய படிகளை மறுபடியும் கூட்டும் சத்தம் கேட்டது.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா, பாவம், பேசாமல் இருந்தார். பேசாமல் இருக்கும் அப்பாவைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதிகாரி பேனாவை மூடினார். குடையை விரித்துத் தெருவுக்குக் குறுக்கே நடந்தார். நேரே நானாவின் சோடாக் கடைக்கு.

தெருவில் எங்கள்மேல் பழைய கோபம் உள்ள ஒரே ஆள் நானா. ஓசிப்படத்தை மறக்காத ஒரே ஆணும் அவர்தான். வருடத்துக்கு இரண்டு முறையாவது "என் கும்பிய எரிச்ச ஓசிப்படம்" என்று தெருவுக்குச் சொல்வார். அப்பா என் பின்னால் வந்து டிக்கட் சன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி கேட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. நானா சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"வாங்க தொரை, உக்காருங்க. ஒரு சோடா ஒடை தம்பி தொரைக்கு! என்ன, ஓசிப்படமா? அட, அதுவா? அது நாந்தான் போட்டேன்!"

அப்பாவின் தலை நிமிர்ந்தது.

"ஊர்ல நம்ம மூத்த மவளுக்குக் கல்யாணம் பேசி முடிஞ்சுச்சு. சந்தோசத்துல போட்டேன். இவரா? இவர் எங்க போடப்போறாரு! இடைவேளையில தண்ணி கேட்டாலே என் கடைக்குக் கையக் காட்டுற மனுசன். ஓசியில மூச்சுகூட விட மாட்டாரு."

அதிகாரி ஏதோ கேட்டார்.

"அந்தக் கூட்டுற பொம்பளையா? அன்னைக்கு எங்கிட்டத்தான் இருந்தா. பிறகு சம்பளம் கூடக் கேட்டு அங்கிட்டு ஓடிட்டா. நல்ல வேலைக்காரி. என் நேரம்!"

"உங்கட குடும்பம் எங்கை?" என்று அதிகாரி இந்தமுறை கொஞ்சம் உரக்கக் கேட்டார்.

"ஊர்லதான். கீழக்கரையில. எங்க ஆளுக பொம்பளைங்க கடல் தாண்டுறது இல்ல தொரை."

அதிகாரி எழுதினார். நானாவும் எங்களைப் போலவே விண்ணப்பித்துக் காத்திருந்தவர். எங்கள் வீட்டில் சன்னல் சாத்தித் தடுத்த 'ஊர்' என்ற சொல்லை, அவர் நடுத்தெருவுக்குக் கேட்கும்படி, அரசாங்கப் பேனாவுக்கு நேராகச் சொன்னார். தன் குடும்பம் இங்கே வசிக்கவில்லை என்பதைத் தன் வாயாலேயே பதிவு செய்துகொடுத்தார். அப்போது எனக்கு அது புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை. அப்பாவுக்கு வேறொன்று புரிந்திருந்தது.

"என் ஓசிப்படத்த அவன் போட்டதாச் சொல்லுதான்!" என்றார். முகம் சிவந்திருந்தது. "நான் கொடுக்க மாட்டனாம்! ஊரே பாத்துதே! இந்தா வாரேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். "அப்பா" என்றேன், அவர் காதில் வாங்கவில்லை. அதிகாரி சோடாப் போத்தலோடு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். இன்னும் பத்து அடி. அப்பா வாயைத் திறந்தால், பதுளையிலேயே மிக உரத்த இரண்டாவது குரலில், தன் மனைவி எப்போது திரும்பி வந்தாள் என்பதை அறிவித்துவிடுவார்.

பொட்டி அறைக் கதவு திறந்தது. அம்மா ஓடிவந்தார். அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார். இரண்டு பொத்தான்கள் தெறித்துச் சிமெந்துத் தரையில் உருண்டன.

"எங்க போறீங்க?"

"அவன் என்ன சொல்லுதான் கேட்டியா?"

"கேட்டுச்சு. காது இருக்கு. உள்ள வாங்க."

"அது நான் போட்ட படம்."

"அவரே போட்டதா இருக்கட்டும். நான் வேணுமா, ஒங்களுக்குப் படம் வேணுமா?"

அப்பா நின்றார். அதிகாரி தெருவைக் கடந்து, எங்கள் வாசலில் நின்று, அம்மாவைப் பார்த்தார். அப்பாவின் சட்டையையும் பார்த்தார். வளையல்கள் இன்னும் முழங்கையில் இருந்தன. ஒரு வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்ட சங்கடத்தோடு, "அப்ப நான் வாறன்" என்றார். குடை தெருமுனையில் மறைந்த பிறகும் நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். மேலே கலரியில் விளக்குமாறு நின்றது.

அதன்பிறகு அப்பா நானாவிடம் நன்றி சொல்லவில்லை. சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெட்னியை அரை மணிநேரம் பிந்தித் தொடங்கினார். முதலில் வரும் லொறிகள் நானாவின் வாசலுக்குப் போயின. காரணம் கேட்டவர்களிடம் இயந்திரக் கோளாறு என்றார். கோளாறு சரியாகவேயில்லை. இரண்டு தியேட்டர்களும் ஒரே நேரத்தில் தொடங்காத வழக்கம் அப்படித்தான் வந்தது. அதனால் தெருவில் எப்போதும் ஒரு கூட்டம் உள்ளேயும் ஒரு கூட்டம் வெளியேயும் இருந்தது. கடைகள் இன்னும் பெருகின. பல வருடங்களுக்குப் பிறகு கச்சேரியில் ஒரு கோப்பில், வாகன நெரிசலைக் கருதி அந்தக் காட்சி நேரங்கள் அதிகாரிகளால் வகுக்கப்பட்டன என்ற குறிப்பை நானே படித்தேன். திருத்தவில்லை. திருத்துவதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

நானாவின் பதில் முதலில் வந்தது. அவர் வழக்கம்போலத் தெருவுக்குக் குறுக்கே சொன்னார்.

"எனக்கு வந்துருச்சு அண்ணாச்சி. இல்லையாம்!"

அவருடைய குடும்பத்தின் வதிவிடம் இந்தியா. அவருடைய விண்ணப்பம் எப்படியும் தள்ளப்பட்டிருக்கும் என்று ஓய்வு பெற்ற இந்த வயதில் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. மனைவி ஒருநாளும் கடல் தாண்டாதவர். சட்டம் அதை எப்படியாவது கண்டுபிடித்திருக்கும். கண்டுபிடித்திருக்குமா? விசாரணைகள் நடந்த விதம் எனக்குத் தெரியும். கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம்.

தற்காலிக வதிவு அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சில வருடம் இருந்தார். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கொழும்புக்குப் போய்வந்து, பயணக் களைப்போடு தெருவில் நின்று, "ஒங்களுக்கு வந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்பார். எங்களுக்கு வரவில்லை. அவருக்கு வந்த பதிலைப் பார்த்தபின் அம்மா மறுபடியும் பொட்டி அறையில் நிற்கத் தொடங்கினார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அப்பா எங்கே இருந்தாலும் எழுந்து நிற்பார்.

ஒருநாள் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நானா தியேட்டரையும் சோடாக் கடையையும் வந்த விலைக்கு விற்றார். பதுளைப் புகையிரத நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அம்மா வெளியே வந்தது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான். அப்பா வண்டியின் சன்னலோரம் நின்று, முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"அன்னைக்கு ஏன் வே அப்படிச் சொன்னீரு?"

"எத?"

"ஓசிப்படத்த."

"அது நான் போட்டதுதான்வே!" என்றார் நானா, நிலையம் முழுக்கக் கேட்கும்படி. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி நகர்ந்தது. அவர் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டியது போலிருந்தது. வண்டியின் ஆட்டமாகவும் இருக்கலாம்.

எங்கள் பதில் பதிவுத் தபாலில் வந்தது. அப்பா வாங்கிக் கையெழுத்திட்டார். பிரிக்க மறுத்தார். அம்மா அடுப்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் பிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு முறை படித்து, உறுதிக்காக மறுபடியும் படித்தேன். என் பெயர் இருந்தது. அம்மாவின் பெயரும் இருந்தது.

"என்னவாம்?" என்றார் அம்மா. "நான் இருக்கலாமா?"

"இருக்கலாம்" என்றேன்.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா எழுந்து வாசலுக்கு ஓடினார். தூண்களுக்கு நடுவில் நின்று, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, கத்துவதற்காக மூச்சை இழுத்தார். எதிரே புதிய முதலாளியின் ஆள் சுவரொட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவன், என்ன வேண்டும் என்பதைப் போல நிமிர்ந்து பார்த்தான். அப்பா மூச்சை விட்டார். உள்ளே வந்து உட்கார்ந்தார். பிற்காலத்தில் என் பிழைப்பாகிவிட்ட பழக்கத்தை நான் அன்று தொடங்கினேன். பென்சிலை எடுத்து, கடிதத்தின் மூலையில், கிடைத்த திகதியைக் குறித்தேன்: 1961 மார்ச் 9, வியாழக்கிழமை.